நடையைப் பார்த்தால் தெரியாதா?

மதுரை செல்லூர் 50 அடி சாலையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினேன். காலை 8.40 மணி. கட்டணம் 20 ரூபாய். "உள்ள வந்தா தறிச் சத்தம் கேக்கும்ணே, அதைப் பிடிச்சே வந்துருங்க" என்று போனில் சொல்லியிருந்தார்கள். வந்தால் நாலு பக்கமும் தறிச் சத்தம். துண்டு நெய்கிற விசைத்தறிகள். திறந்திருந்த ஒரு கதவு வழியாகப் பார்த்தேன்; மின்விசிறி இறக்கையில் பஞ்சுத் தூசி திரிதிரியாகத் தொங்கியது. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஓரத்தில் திறந்த சாக்கடை, அதன் மேல் வீட்டுக்கு ஒரு கடப்பைக் கல்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் வழி கேட்டேன். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

"யாரு, தள்ளாடித் தள்ளாடி வருவானே, அவன் வீடா? இந்தா, மூணாவது வீடு. நீங்க சொந்தமா?"

பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். உலக்கையை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்ல பயதேன். அப்பன் புத்தி வந்துருச்சு. அவன் அப்பனும் இப்பிடித்தேன். பொழுது விடிஞ்சாக் குடி."

"அவர் குடிச்சத நீங்க பாத்திருக்கீங்களா?"

"குடிக்கிறத எதுக்குப் பாக்கணும்? நடையப் பாத்தாத் தெரியாதா?"

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அன்று செப்டம்பர் 25, வியாழக்கிழமை. உலகம் முழுக்க அட்டாக்ஸியா விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். கை, கால், நாக்கு, கண் என்று எல்லாவற்றின் அசைவையும் ஒன்றுக்கொன்று இசைய வைக்கிற வேலை உடம்புக்குள் கெட்டுப்போவதுதான் அட்டாக்ஸியா. பலம் அப்படியே இருக்கும். அதை ஒழுங்காகச் செலுத்த முடியாது. அதில் பரம்பரையாக வரும் ஒரு வகைக்கு எஸ்சிஏ என்று பெயர். லட்சம் பேரில் ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை இருப்பார்கள் என்பது பொதுவான கணக்கு. அந்த மூணாவது வீட்டுக்காரர் அவர்களில் ஒருவர். வயது 43. பத்தொன்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். தன் கைக்காசில் நோட்டீஸ் அடித்து இன்றைக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொன்னதால்தான் வந்தேன்.

வீட்டுக்குள் போனதும் கண்ணில் பட்டது சுவர்தான். வெளிர்பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கறுத்த கோடு. வாசல் நிலையில் ஆரம்பித்து, கூடத்தைச் சுற்றி, பீரோ இருக்கும் இடத்தில் விட்டு, பீரோவின் விளிம்பில் பளபளப்பாகத் தொடர்ந்து, அடுப்படி வழியாகக் குளியலறைக் கதவு வரை போகிறது. தொட்டுப் பார்த்தேன். வழவழப்பு. கை எண்ணெயும் வியர்வையும் ஏறிய வழவழப்பு. சில இடங்களில் கோடு தடித்திருந்தது. திரும்புகிற இடங்கள்.

"எத்தனை தடவ தொடச்சாலும் மறுபடி வந்துரும்ணே. இப்ப தொடைக்கிறத விட்டுட்டேன்" என்றார் அவர் மனைவி. "2016ல வெள்ளையடிச்சோம்ல, அப்ப இதே மாதிரி மாமா கோடு ஒண்ணு இருந்துச்சு. அதை மறைக்க நாலு கோட்டு அடிச்சோம். அப்ப இவுகளுக்கு ஒண்ணும் இல்ல."

மாமா என்றால் அவருடைய அப்பா. 2009இல் இறந்தவர்.

அவர் குளித்துவிட்டு வந்தார். கால் இரண்டையும் அகட்டி வைத்து, ஒரு கை சுவரில், இன்னொரு கை காற்றில். ஒவ்வொரு அடியும் வேறு வேறு நீளம். படகில் நிற்கிறவர் போல உடம்பு பக்கவாட்டில் ஆடுகிறது. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, அதன் கையைப் பிடிக்க விரலை நீட்டினார். விரல் நாற்காலியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, இந்தப் பக்கம் தவறி, மூன்றாவது முறை பிடித்தது. உட்கார்ந்ததும் சிரித்தார். "வா...ங்க...ண்ணே." சொல் ஒவ்வொன்றும் துண்டு துண்டாக, நடுவில் இழுத்து வருகிறது. முதல் ஐந்து நிமிடம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அதன் பிறகு காது பழகிவிட்டது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் எல்லாம் புரிகிறது. அவசரப்படுகிறவர்களுக்குத்தான் புரியாது.

மனைவி டீ கொண்டுவந்தார். எனக்கு டம்ளர் நிறைய. அவருக்குப் பெரிய எவர்சில்வர் டம்ளரில் பாதிக்கும் கீழே. இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, முகவாயை நெஞ்சோடு தாழ்த்திக் குடித்தார். தலையைத் தூக்கிக் குடித்தால் புரையேறிவிடும். தாழ்த்தியே குடிக்கச் சொல்லிக் கொடுத்தது பிசியோ. சாப்பிடும்போது பேசுவதில்லை என்பதும் இந்த வீட்டில் ஒரு சட்டம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கிளம்பும் அவசரத்திலும் அப்பாவின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுத்தான் போனாள். கேட்காமலே போட்டாள், அவரும் கழுத்தைத் தூக்கிக் காட்டினார்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். தறியில்தான் என்றார். ஓடுகிற தறியில் பாவு இழை அறுந்தால் நிறுத்தி, இழையை எடுத்து, முடிந்து, மறுபடி ஓட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் இழை விரலுக்கு அகப்படவில்லை. கண்ணாடி போடணுமோ என்று கண் டாக்டரிடம் போனார். கண்ணில் கோளாறு இல்லை.

மனைவி வேறொன்று சொன்னார். அதே வருடம் மகள் டெங்கு வந்து பிழைத்தாள். கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்வதாக இருவரும் வேண்டிக்கொண்டார்கள். ஒரு பாதத்தின் நுனியில் அடுத்த பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து, அடிமேல் அடி வைத்துச் சுற்றி வர வேண்டும். "நான் கால்வாசிச் சுத்து முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், இவுக தூணைப் பிடிச்சு நிக்கிறாக. ஒரு அடி வைக்க முடியல. பின்னால வந்தவக எல்லாம் மொனங்குறாக, கோயிலுக்குமா குடிச்சுட்டு வர்றதுன்னு."

அசைவுகளை இசைய வைக்கிற சிறுமூளையைச் சோதிக்க நரம்பியல் மருத்துவர்கள் செய்யச் சொல்பவற்றில் ஒன்று இந்த அடிப்பிரதட்சிணம்தான். குதிகாலை நுனிக்காலோடு ஒட்டி நேர்கோட்டில் பத்து அடி. கோயில் பிராகாரத்தில் அந்தப் பரிசோதனை தானாகவே நடந்துவிட்டது, படிக்கத் தெரிந்தவர்தான் அங்கே இல்லை.

கூடத்தின் தரையில் சதுரக் கல் பதித்திருக்கிறார்கள். இரண்டு கல் சேரும் கோட்டின் மேல் நான் நடந்து பார்த்தேன். முடிந்தது. அவரைக் கேட்க மனமில்லை. அவரே எழுந்து, ஒரு கையை மனைவி தோளில் வைத்துக்கொண்டு, "பாருங்கண்ணே" என்று கோட்டில் கால் வைத்தார். இரண்டாவது அடியில் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. மனைவி முன்கூட்டியே அந்தப் பக்கம் தோளைக் கொடுத்திருந்தார். கீழே பார்த்தால் கால் விரல்கள் பத்தும் தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. கணுக்காலில் நரம்பு புடைத்து ஆடியது. நிற்கிறோமே, அதற்குக்கூட அந்த உடம்பு அவ்வளவு உழைக்கிறது.

பையிலிருந்து பரிசோதனை அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். எஸ்சிஏ 1. கூடவே ரசீது, 6,500 ரூபாய். ஏடிஎக்ஸ்என்1 என்ற மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். முப்பத்தைந்து தடவைக்குள் இருந்தால் தொந்தரவில்லை. இவருக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள். ஒன்றில் 30, இன்னொன்றில் 51. அச்சுக்கோர்க்கும்போது ஒரே சொல் வரி வரியாகத் திரும்பி விழுந்துவிட்டது மாதிரி. அந்தக் கூடுதல் நீளத்தால் பிழைபட்ட ஒரு புரதம் உண்டாகி, சிறுமூளையில் இருக்கும் பர்கின்ஜி செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. இந்த மரபணுவை 1993இல் அமெரிக்காவில் ஹூடா ஸோக்பி, ஹாரி ஆர் என்ற இருவரின் ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்தன. அதன் பிறகு இன்று வரை நாற்பதுக்கும் மேற்பட்ட எஸ்சிஏ வகைகள் தெரிந்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இது அந்நியமும் இல்லை. ஒரு தமிழ்ச் சமூகத்தில் எஸ்சிஏ 1 வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை இங்குள்ள மருத்துவர்கள் 2005இலேயே ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. தலைமுறை இறங்க இறங்க அந்தத் துணுக்கு நீண்டுகொண்டே போகலாம். அப்பா வழியில் வந்தால் அது இன்னும் அதிகம். அதனால் அடுத்த தலைமுறைக்கு நோய் சீக்கிரமே ஆரம்பிக்கும். அப்பாவுக்கு 48 வயதில். இவருக்கு 38இல். மேலே கணக்குப் போட அந்த வீட்டில் யாரும் விரும்பவில்லை. மகளுக்குச் சோதனை செய்யச் சொல்லி உறவினர்கள் நச்சரிக்கிறார்களாம். அறிகுறி எதுவும் இல்லாத, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு இந்தச் சோதனையைச் செய்வதில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வளர்ந்த பிறகு தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். "அதுவரைக்கும் அவ படிக்கட்டும்ணே" என்றார் அம்மா. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தாளையும் காட்டினார். வங்கியில் கொடுத்த படிவத்தின் நகல். பத்தாவது வரை படித்தவர், கையெழுத்து அழகாக இருக்குமாம். பழைய கணக்குப் புத்தகத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தேன். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு வளைந்து பெயருக்குக் கீழே ஓடுகிறது. படிவத்தில் இருக்கும் கையெழுத்து எழுத்துக்கு எழுத்து பெரிதாகிக் கட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் கைநாட்டு. அதைச் சொல்லும்போதுதான் அன்று முதல்முறையாக அவர் குரல் கம்மியது.

9.35க்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். என் காலுக்கு 412 அடி. தனியாக நடந்தால் நாலு நிமிடம். அவரோடு நடக்க 14 நிமிடம் ஆனது. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் மனைவி. நோட்டீஸ் பை என்னிடம். சந்து முடிகிற வரை சுவர் துணை. அதன் பிறகு திறந்த சாலை. அங்கே அவர் ஒரு நொடி நின்று மூச்சை இழுத்துவிட்டு இறங்கினார். "ரோட்டுல எறங்குனா தரை நகருற மாதிரி இருக்கும்ணே" என்று வீட்டில் சொல்லியிருந்தார். பின்னால் ஹாரன் அடித்ததும் உடம்பு முழுக்கத் துள்ளியது. ஹாரனுக்கு நாம் அனிச்சையாக ஓர் அடி ஒதுங்குவோம். அவர் அந்த ஓர் அடியை யோசித்து வைக்க வேண்டும்.

நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டாஸ்மாக் கடை. ஷட்டர் இறங்கியிருந்தது. கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அதைத் தாண்டும்போது பைக்கில் உட்கார்ந்திருந்த இரண்டு இளைஞர்களில் ஒருவன், "காலையிலேயேவா?" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மனைவியின் பிடி இறுகியது. மூவரும் நிற்காமல் நடந்தோம். பத்தடி தள்ளி அவர், "தெனமும்ணே" என்றார்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்து வந்தது. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அதில் கட்டணம் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகளும் உண்டு. அடையாள அட்டை வாங்க வழி அதுதான். நடத்துநர் நல்லவர், ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏற்றிவிட்டார். எப்போதும் இப்படி இருக்காது. சென்ற வருடம் ஒரு நாள் மனைவி இல்லாமல் ஏறியவரை, அட்டையை எடுக்கும் முன்பே ஒரு நடத்துநர் இறக்கிவிட்டிருக்கிறார். அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. பைக்குள் விரல் போய்ச் சேர அவருக்கு நேரம் வேண்டும். அதற்குள் வண்டி போய்விட்டது. அன்றிலிருந்து அட்டையைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் பிசியோதெரபிஸ்டும் இரண்டு கல்லூரி மாணவிகளும் காத்திருந்தார்கள். பேனர் இல்லை, மேடை இல்லை, மைக் இல்லை. சிம்மக்கல்லில் ஒரு அச்சகத்தில் 700 ரூபாய்க்கு அடித்த 500 நோட்டீஸ் மட்டும். அதிலும் இரண்டு வகை. ஒரு கட்டில் மேலே பெரிய எழுத்தில் நோயின் முழுப் பெயர், கீழே மரபணு, சிறுமூளை, அறிகுறிகள். இன்னொரு கட்டில் மேலே ஒரே வரி: "தள்ளாடுகிறவர் எல்லாம் குடித்தவர் இல்லை." அது மனைவி சொன்ன வரி. ஒவ்வொன்றும் 250.

எது எடுபடுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. திண்டுக்கல் பேருந்துகள் நிற்கும் பக்கம் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டு அரை மணி நேரம் கவனித்தேன். முதல் வகை நோட்டீஸை வாங்கியவர்கள் மேல்வரியைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்தார்கள், சிலர் விசிறிக்கொண்டார்கள். என் கண்ணெதிரே தரையில் விழுந்தவை பதினேழு. இரண்டாவது வகையை வாங்கியவர்கள் முதலில் வரியைப் படித்தார்கள், அப்புறம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். தரையில் விழுந்தவை நாலு. ஒரு பெண் நோட்டீஸை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, "என் தம்பிக்கும் இப்பிடித்தேன் இருக்கு, வலிப்பு மாத்திர சாப்பிடுறான்" என்றாள். பிசியோதெரபிஸ்ட் அவளைத் தனியே அழைத்துப் போய் உட்கார வைத்தார். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் மாத்திரை அளவு கூடினாலும் இப்படித் தள்ளாட்டம் வரும். அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் குறையும். பி12, வைட்டமின் ஈ குறைந்தாலும் வரும், தைராய்டாலும் வரலாம். இதெல்லாம் சிகிச்சை உள்ளவை. தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், முதலில் பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். குடி என்று முடிவு கட்டி வீட்டில் வைத்திருந்தால், குணமாகக்கூடிய ஒருவனும் குணமாகாமல் போவான். விழிப்புணர்வு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் சொல்வேன்.

எஸ்சிஏவுக்கு இன்றைக்கு முழுச் சிகிச்சை இல்லை. நடைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, விழுங்கும் பயிற்சி. இவற்றை விடாமல் செய்தால் நடமாட்டத்தைக் கூடுமானவரை காப்பாற்றலாம். ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற வேறொரு வகைக்கு 2023இல் அமெரிக்காவில் முதல் மருந்து அனுமதி பெற்றது. அது இவருக்கு உதவாது. அவருக்கும் அது தெரியும்.

பதினோரு மணி வாக்கில் ஒரு நடத்துநர், ஐம்பது வயதிருக்கும், நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டு வந்தார். சண்டைக்கு வரவில்லை, நியாயமாகவே கேட்டார். "சரி சார். குடிச்சவனும் இப்பிடித்தேன் வர்றான், இவரும் இப்பிடித்தேன் வர்றாரு. நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

அதற்குப் பிசியோதெரபிஸ்ட் சொன்னது எனக்குப் புதிது. கண்டுபிடிக்க முடியாததில் ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் இரண்டிலும் தடுமாறுவது ஒரே இடம். பிடரிக்கு மேலே, மண்டைக்குள் பின்பக்கம் இருக்கும் சிறுமூளை. மொத்த மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். நரம்புச் செல்களிலோ பாதிக்கு மேல் அதற்குள் இருக்கின்றன. மது போய் முதலில் குழப்பும் இடங்களில் அது ஒன்று. குடித்தவருக்குச் சில மணி நேரம் குழம்பித் தெளிகிறது. இவருக்குத் தெளிவதில்லை. அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் வண்டி ஓட்டியவரை இறக்கி, குதிகாலை நுனிக்காலோடு ஒட்டி ஒன்பது அடி நடக்கச் சொல்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் செய்யச் சொல்வதும் அதே நடைதான். நம் ஊரில் போலீஸ் மூச்சை ஊதச் சொல்கிறது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால்தான் வழக்கு. "கருவிக்கு மூச்சு தெரியுது. நமக்கு நடை மட்டும்தான் தெரியுது" என்றார்.

"அப்ப நாங்க என்னதேன் பண்ண?" நடத்துநர் விடவில்லை.

பதில் சொன்னது அவர். ஊன்றுகோலைத் தூணில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக. "கண்டு...பிடிக்க வேணாம்ணே. கையக்... குடுங்க."

நடத்துநர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. நோட்டீஸில் இருபது வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். டிப்போவில் ஒட்டுவதாகச் சொன்னார். ஒட்டினாரா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு அவருக்குக் கால் சோர்ந்துவிட்டது. சோர்ந்தால் ஆட்டம் கூடும், பேச்சு இன்னும் குழறும். இனி பேருந்து வேண்டாம் என்று ஆட்டோ பிடித்தோம், 130 ரூபாய். வைகைப் பாலத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஓடுகிற கம்பித் தடுப்பைப் பார்த்தால் தலை சுற்றுமாம். சந்துக்குள் ஆட்டோ வராது. முனையில் இறங்கி மறுபடி சுவர்.

பெரியம்மா அதே திண்ணையில்தான் இருந்தார். நாங்கள் மெல்ல வருவதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு நேரே வந்ததும் கணவர் நின்றார். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மனைவி பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துப் பெரியம்மா கையில் கொடுத்தார்.

"எனக்கெங்க தெரியும் படிக்க. என்னடி போட்டுருக்கு?"

மனைவி அந்த முதல் வரியைப் படித்தார். பிறகு, இது பரம்பரையா வர்ற நரம்பு நோய், மாமாவுக்கும் இதுதான், டாக்டர் சொல்லிட்டாரு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பால்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்வது போலச் சொன்னார்.

பெரியம்மா நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் இருவரும் மூணாவது வீட்டுக்குள் போகும் வரை பேசவில்லை. நான் செருப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பப் போனபோது கூப்பிட்டார்.

"அவன் அப்பன் சாயங்காலமானா இந்தத் திண்ணையிலதேன் உக்காந்திருப்பான்" என்று நான் கை வைத்திருந்த இடத்தைக் காட்டினார். "எனக்கும் அவனுக்கும் நடுவுல இந்த வெத்தலத் தட்டுதேன் இருக்கும். பத்து வருசம் உக்காந்து பேசியிருக்கோம்."

உரலில் இருந்த வெற்றிலையை விரலால் ஒதுக்கினார்.

"வாட வந்ததே இல்லையே, சாமி."